ஒரு சிட்டிகை உப்பு

ஞாயிற்றுக்கிழமை. காலை பதினோரு மணி. கதவைத் திறந்தால் டை கட்டிய இரண்டு பையன்கள். முதுகில் பை, முகம் முழுக்க வியர்வை.

"சார், ஃப்ரீ வாட்டர் டெஸ்ட். நீங்க எதுவும் வாங்கணும்னு இல்ல. அஞ்சே நிமிஷம்."

'ஃப்ரீ' என்று சொன்னால் நம் வீடுகளில் தானாக நாற்காலி வந்துவிடும். வந்தது.

பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தார்கள். எங்கள் குழாய்த் தண்ணீரில் வைத்ததும் குட்டித் திரையில் 760 என்று வந்தது. அவர்கள் பாட்டிலில் கொண்டுவந்திருந்த ஆர்.ஓ. தண்ணீரில் வைத்தார்கள். 28.

"டி.டி.எஸ். சார். உங்க தண்ணியில செவன் சிக்ஸ்டி!"

நான் பி.காம். எனக்குத் தெரிந்த டி.டி.எஸ். ஒன்றுதான். சம்பளம் நம் கைக்கு வருமுன்பே வருமான வரிக்காரர்கள் பிடித்துக்கொள்வது. தண்ணீருக்கும் ஒரு டி.டி.எஸ். உண்டு, அது தண்ணீரில் கரைந்திருக்கும் திடப்பொருள்களின் மொத்த அளவு என்று அந்தப் பையன்தான் பாடம் எடுத்தான்.

அடுத்து வந்தது உச்சக்கட்ட காட்சி. நாலு உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பெட்டியை எடுத்தான். இரண்டு கம்பி நம் டம்ளரில், இரண்டு அவர்கள் டம்ளரில். பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டான். ஒரு நிமிஷம்தான். எங்கள் தண்ணீர் முதலில் பச்சையாகி, அப்புறம் பழுப்பாகி, மேலே கறுப்பாக நுரை கட்டி, பார்க்கவே குமட்டியது. பக்கத்து டம்ளர் அப்படியே பளிங்கு மாதிரி நின்றது.

"இதைத்தாம்மா இத்தன நாளா குடிச்சிட்டிருக்கீங்க" என்றான் என் அம்மாவைப் பார்த்து.

அம்மா முகம் வெளுத்துப் போனது. "ஏம்பா, இதையா குழந்தைக்குக் குடுத்தோம்?"

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நிமிடத்தில் செக் புத்தகம் எங்கே என்றுதான் என் கண் தேடியது. மாதத் தவணை, ஐந்து வருட சர்வீஸ் ஒப்பந்தம் என்று அடுக்கினான். அடுத்த ஞாயிறு வரச் சொல்லி அனுப்பினேன்.

எங்கள் அடுக்குமாடியில் இரண்டாவது மாடியில் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அடுத்த வாரம் வரட்டும். ஒரு சிட்டிகை உப்போட நானும் வர்றேன்."

வந்தார்கள். வந்தார். பையன் மறுபடியும் வித்தையைக் காட்டும் முன் பேராசிரியர், "தம்பி, உங்க சுத்தமான தண்ணி இருக்கே, அதுல இதைப் போட்டுக் காட்டுங்க" என்று உப்பை நீட்டினார். சமையலறை உப்பு. நாம் சாம்பாரில் போடுவது.

சுவிட்ச் போட்டதும் பளிங்கு மாதிரி இருந்த டம்ளர் கண் எதிரே பழுப்பானது. மேலே அதே நுரை.

"இப்ப சொல்லுங்க, இந்த அழுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

பையன் கம்பியைத் துடைத்துப் பைக்குள் வைத்தான். "எங்களுக்கு ட்ரெய்னிங்ல இப்படித்தான் சார் சொல்லிக் குடுத்தாங்க" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. கமிஷனுக்கு நாலு மாடி ஏறி இறங்குகிறவன்மேல் எனக்குக் கோபமும் இல்லை.

அழுக்கு வந்தது கம்பியிலிருந்து. அந்தக் கம்பிகளில் இரும்பும் இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகத் தண்ணீரில் இறங்கும். மின்சாரம் பாய வேண்டுமானால் தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம், சோடியம் என்று உப்புகள் இருக்கின்றன, இரும்பு கரைகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பை எடுத்துவிட்டார்கள். மின்சாரம் பாய்வதில்லை, கம்பி தப்பித்துக்கொள்கிறது. நாம் பார்த்தது நம் தண்ணீரின் அழுக்கை அல்ல. அவர்கள் கம்பியின் துருவை.

இது மோசடி என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் எனக்குத் தூக்கம் வராமல் போனதற்குக் காரணம் அந்தப் பெட்டி இல்லை. அந்தப் பேனா.

ஏனென்றால் பேனா பொய் சொல்லவில்லை. அதுதான் ஆபத்து.

அந்தப் பேனாவின் முனையில் இருப்பது இரண்டு சின்ன மின்முனைகள். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று அது பார்க்கிறது. அதை ஒரு எண்ணால் பெருக்கி, 'இவ்வளவு மில்லிகிராம் கரைந்திருக்கலாம்' என்று மதிப்புப் போட்டுச் சொல்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. என் பாஷையில் சொன்னால், பேரேடு கிடையாது, வவுச்சர் கிடையாது, கடைசி வரியில் மொத்தத் தொகை மட்டும். அந்த மொத்தத்தில் நல்ல கால்சியம் எவ்வளவு, கெட்ட ஈயம் எவ்வளவு என்று கேட்டால் அதற்குத் தெரியாது. எந்த ஆடிட்டராவது அப்படி ஒரு கணக்கில் கையெழுத்துப் போடுவாரா?

நீங்களே வீட்டில் சோதித்துப் பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் பேனாவை வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு டீஸ்பூன் சர்க்கரையைப் போட்டு நன்றாகக் கரையுங்கள். லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் கணக்கில் திடப்பொருள் கரைந்தாயிற்று. மறுபடி பேனாவை வையுங்கள். எண் ஏறாது! சர்க்கரை மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே பேனாவைப் பொறுத்தவரை சர்க்கரை என்ற ஒன்று உலகத்திலேயே இல்லை. பூச்சிமருந்தில் பெரும்பாலானவையும் அதன் கண்ணில் படாது. சாக்கடைக் கிருமியும் படாது.

ஈயம்? அது மின்சாரம் கடத்தும்தானே? கடத்தும். ஆனால் கணக்கைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் ஈயத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அதைப்போல நூறு மடங்கு, அதாவது 1 மில்லிகிராம் ஈயம் கலந்தால் பேனாவில் 760 என்பது 761 ஆனால் அதிகம். காலைக்கும் மத்தியானத்துக்கும் வெயிலிலேயே அந்த எண் அதைவிட அதிகமாக ஆடும்.

இந்த இடத்தில் நான் என் தாய்மாமனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அம்மாவின் ஊர் தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோடு பக்கம். மாமாவுக்கு இப்போது எழுபதை ஒட்டிய வயது. முன்பல்லெல்லாம் காவி ஏறின மாதிரி கறை. வெற்றிலை போடுகிறவர் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர் வெற்றிலையைத் தொட்டதே கிடையாது. நாற்பது வயதிலேயே குனிந்து செருப்பு மாட்ட முடியாது. இப்போது திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் முழு உடம்பும் திரும்ப வேண்டும். கழுத்து மட்டும் தனியாகத் திரும்பாது. ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டு காபி குடிக்காமல் எழுந்துபோன கதைகளை அம்மா இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்பு மட்டும் முழுசாக வராது.

ஃப்ளூரைடு. அந்தப் பக்கத்துப் பாறையில் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோடு வருகிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி. வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது தர நிர்ணயம். 1 மில்லிகிராம் இருந்தால் நல்ல தண்ணீர், 4 மில்லிகிராம் இருந்தால் முதுகை முறிக்கும் தண்ணீர். இரண்டுக்கும் வித்தியாசம் மூன்றே மில்லிகிராம். பேனாவில் 600-க்கும் 603-க்கும் உள்ள வித்தியாசம். எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது.

அப்படியானால் கண்டுபிடிக்கிற கருவியே உலகத்தில் இல்லையா?

இருக்கிறது. அதுவும் மின்சாரத்தை வைத்துத்தான். இந்தப் பேனாவின் உறவுக்காரன், ஆனால் படித்தவன். லாந்தனம் ஃப்ளூரைடு என்ற படிகத்தில் ஒரு சின்ன வில்லை. தண்ணீரில் வேறு எத்தனை உப்பு இருந்தாலும் அது ஃப்ளூரைடுக்கு மட்டும் காது கொடுக்கும். அளவு எவ்வளவோ அதற்கேற்ற மின்னழுத்தத்தைக் காட்டும். ஃபிரான்ட், ராஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதை வெளியிட்ட வருடம் 1966.

ஈயத்துக்கும் இருக்கிறது, காட்மியத்துக்கும் இருக்கிறது. ஒரு மின்முனையில் எதிர்மின்னழுத்தம் கொடுத்து சில நிமிடம் தண்ணீரில் வைத்தால், கரைந்திருக்கும் உலோகங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அதில் போய் ஒட்டிக்கொள்ளும். கோயில் உண்டியலில் காசு சேர்கிற மாதிரி. பிறகு அழுத்தத்தைப் படிப்படியாக மாற்றினால் ஒவ்வொரு உலோகமும் தன் முறை வரும்போது கழன்று வரும். அப்போது மின்னோட்டம் ஒரு துள்ளு துள்ளும். எந்த இடத்தில் துள்ளியது என்பதை வைத்து எந்த உலோகம் என்று சொல்லலாம். எவ்வளவு உயரம் துள்ளியது என்பதை வைத்து எவ்வளவு என்று சொல்லலாம். உண்டியலை உடைத்து ஐந்து ரூபாய் தனி, பத்து ரூபாய் தனி என்று எண்ணுகிற வேலைதான். இந்த வழிக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் பிராகில் இருந்த ஹெய்ரோவ்ஸ்கி. ஆண்டு 1922. அதற்காக 1959-ல் அவருக்கு நோபல் பரிசும் கொடுத்தார்கள். நூறு வருஷத்துக் கதை சார் இது!

இன்னும் நம்பிக்கை வரவில்லையென்றால் உங்கள் வீட்டு அலமாரியைத் திறங்கள். சர்க்கரை பார்க்கிற குளுக்கோமீட்டர் இருக்கும். ஒரு சொட்டு ரத்தம், ஒரு சின்னப் பட்டை, சில விநாடி. அதுவும் இதே மின்வேதி உணரிதான். ரத்தத்தில் ஆயிரம் பொருள்கள் மிதந்தாலும் குளுக்கோஸை மட்டும் பிடித்துச் சொல்கிறது. ரத்தத்துக்கு வீடு தேடி வந்த விஞ்ஞானம் தண்ணீருக்கு ஏன் வரவில்லை?

சர்க்கரையை அளந்தால் மாத்திரை விற்கும், பட்டை விற்கும், டாக்டரிடம் கூட்டம் வரும். தண்ணீரில் ஃப்ளூரைடை அளந்தால் யாராவது பதில் சொல்ல வேண்டிவரும். வித்தியாசம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதைவிட ஒரு வேடிக்கை. அந்தப் பத்துக் காசு பேனா நிஜமாகவே உபயோகப்படுகிற ஓர் இடம் தமிழ்நாட்டில் இருக்கிறது. நொய்யல் ஆறு. துணிக்குச் சாயம் ஏற்ற மூட்டை மூட்டையாக உப்பு வேண்டும். திருப்பூர் சாயக்கழிவின் பெரிய குற்றமே உப்புதான். உப்பைக் காட்டத்தான் இந்தப் பேனாவுக்குத் தெரியுமே! ஆற்றங்கரையில் ஊருக்கு ஒன்று கொடுத்திருந்தால் பள்ளிக்கூடப் பையன்களே தினமும் அளந்து கரும்பலகையில் எழுதியிருப்பார்கள். நடந்தது என்ன? பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, 'திறக்காதீர்கள், எங்கள் நிலம் செத்துவிடும்' என்று விவசாயிகளே கேட்கும் நிலைமை வந்தது. கோர்ட், வழக்கு என்று வருஷங்கள் ஓடி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டது.

தேவைப்பட்ட இடத்துக்குப் பேனா போகவில்லை. தேவைப்படாத இடத்தில் அழைப்பு மணி அடிக்கிறது.

'அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லையா' என்று கேட்பீர்கள். செய்தது. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசு செய்யும் 17 வகைத் தொழிற்சாலைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவு வெளியேறும் இடத்தில் இருபத்துநாலு மணி நேரமும் அளக்கும் உணரிகளைப் பொருத்த வேண்டும் என்றது. நல்ல விஷயம். கை தட்டலாம். ஆனால் கருவியை வாங்குவது தொழிற்சாலை. அதைத் துடைத்துப் பராமரிக்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது தொழிற்சாலை. அது இருப்பதும் தொழிற்சாலையின் மதில் சுவருக்கு உள்ளே. உணரிக்கு மனசாட்சி கிடையாது சார். கழிவில் வைத்தாலும் எண் காட்டும், ஒரு வாளி நல்ல தண்ணீரில் வைத்தாலும் எண் காட்டும். பரீட்சை எழுதுகிறவனே விடைத்தாளைத் திருத்துகிற ஏற்பாட்டுக்கு 'ஆன்லைன்' என்று பெயர் வைத்துவிட்டால் அது நேர்மையாகிவிடுமா?

ஒரு கிலோ கத்திரிக்காய் நிறுக்கிற தராசுக்கு அரசு முத்திரை வேண்டும். பெட்ரோல் பங்க் மெஷினைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதித்து சீல் வைக்கிறார்கள். நூறு கிராம் குறைந்தால் சண்டை போடுகிறோம். நாம் குடிக்கிற தண்ணீரை அளக்கும் கருவி மட்டும் யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். எதை வேண்டுமானாலும் காட்டலாம்.

பேராசிரியரிடம் இதையெல்லாம் சொல்லி ஆவேசப்பட்டபோது அவர் நிதானமாக என்னை உட்கார வைத்தார். "ரொம்ப சுலபம்னு எழுதிடாதீங்க. மின்முனையில பாசி படியும். அடிக்கடி திட்டக் கரைசல்ல வெச்சு சரிபார்க்கணும். ஃப்ளூரைடு பார்க்கும்போது வேற ஒரு கரைசலும் கலக்கணும், இல்லன்னா அலுமினியம் குறுக்க வந்து தப்பா காட்டும். வயல்ல எடுத்த அளவை லேப்ல ஒருமுறை உறுதி செய்யணும்."

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆசுபத்திரி ஈ.சி.ஜி. மெஷினுக்கும் பராமரிப்பு வேண்டும். அதற்காக இருதயத்தைப் பார்க்காமலா விட்டுவிட்டோம்? பராமரிக்க ஆள் வேண்டும் என்பது ஆள் போடுவதற்குக் காரணம். கருவியே வேண்டாம் என்பதற்குக் காரணம் அல்ல.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆர்.ஓ. என்பதே ஏமாற்று அல்ல. உப்பு அதிகமான இடத்தில் அது தேவை. ஃப்ளூரைடையும் அது பெருமளவு எடுத்துவிடும். என் மாமா ஊருக்கு அது ஒரு நல்ல மருந்து. ஆனால் வியாதி என்ன என்று பார்க்காமல் வீட்டுக்கு வீடு மருந்து விற்பவனை நாம் டாக்டர் என்று சொல்வதில்லை. டி.டி.எஸ். 500-க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யுங்கள் என்று 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குச் சொன்னது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுகிற எந்திரம் அது. கோடையில் லாரிக்குக் குடத்தோடு நிற்கிற ஊரில் இது என்ன கணக்கு?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை.

தெருக்கோடியில் குழாய் முடிகிற இடத்தில் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று பார்க்க மின்வேதி உணரிகள் உண்டு. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது விதி. திடீரென்று அது காணாமல் போனால், வழியில் எங்கோ சாக்கடை புகுந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். வார்டுக்கு ஒன்று வையுங்கள். எண்ணை நாலு பேர் பார்க்கிற மாதிரி பலகையில் போடுங்கள். தொழிற்சாலை உணரியை மதிலுக்கு வெளியே வையுங்கள். பராமரிக்கிறவனுக்குத் தொழிற்சாலை நேரடியாகச் சம்பளம் தரக்கூடாது. தராசுக்கு வைக்கிற முத்திரையை இதற்கும் வையுங்கள். ஃப்ளூரைடு உள்ள வட்டாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு மின்முனையும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஓர் ஆளும் கொடுங்கள்.

நமக்கும் வேலை இருக்கிறது. அடுத்த தடவை டை கட்டிய தம்பி வந்தால் பேனாவைப் பார்த்து மிரளாதீர்கள். 'ஃப்ளூரைடு எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு, ஈயம் எவ்வளவு, கிருமி உண்டா' என்று தனித்தனியாகக் கேளுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. கட்டணம் கட்டினால் பார்த்துச் சொல்வார்கள். எங்கள் அடுக்குமாடியில் எல்லோரும் பணம் போட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். ஒரே வரியில் மொத்தம் அல்ல. இரண்டு பக்கத்துக்குப் பேரேடு மாதிரி வந்தது. கால்சியம் கொஞ்சம் அதிகம். பருப்பு வேகாது; ஆள் சாகமாட்டோம்.

அந்தத் தாளை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஃப்ளூரைடு என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"இதை அளக்கற மெஷின் எப்பலேருந்து இருக்கு?"

நான் விரல் விட்டு எண்ணினேன். தண்ணீரில் இருக்கும் ஃப்ளூரைடு எலும்பை முறுக்குகிறது என்று அன்றைய சென்னை மாகாணத்தில், நெல்லூர்ப் பக்கத்தில் டாக்டர்கள் எழுதி வைத்த வருடம் 1937. அளக்கிற படிகம் வந்தது 1966. தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டமாக வந்து சேர்ந்தது 2013. வியாதி தெரிந்ததற்கும் தண்ணீர் வந்ததற்கும் நடுவில் 76 வருஷம். கருவி வந்த பிறகும் 47 வருஷம்.

"1966-லேருந்தும்மா."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தம்பிக்கு அப்ப பத்து வயசு" என்றாள். "பல்லு போயிருக்கும். முதுகு தப்பிச்சிருக்கும்."